பீப்பாய் வரை நூற்றைம்பது மீட்டர்

மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு முன்பாக, இரண்டாயிரத்து நானூறு மீட்டருக்கும் மேலாக ஓடி முடித்த ஒரு மனிதர் அத்தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடவில்லை என்று ஒரு கைக்கடிகாரம் அறிவித்தது. அறிவித்ததைத் தலைமையகம் நம்பியது. நம்பியதோடு நில்லாமல், இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஏறிய ஏணியிலிருந்து அவரை இறக்கவும் ஆணையிட்டது. முறையீடு இவ்வளவே. இனி நடந்தது நடந்தபடி.

அவர் தீயணைப்பு வீரர். வயது ஐம்பத்தொன்று. நீண்ட ஏணி பொருத்திய வண்டியில் முதல் ஆளாக மேலே போகிறவர் என்பதால் நிலையம் முழுவதும் அவரை ‘ஏணியார்’ என்றே அழைத்தது. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அழைத்தால் அவர் திரும்பிப் பார்ப்பாரா என்பதே ஐயம்.

ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஓட்டத் தேர்வு உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இரண்டாயிரத்து நானூறு மீட்டரைப் பதின்மூன்றரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். தவறினால் வண்டியில் இடமில்லை. கிடங்கிலோ தொலைபேசி மேசையிலோ ஒரு நாற்காலி. தீப்பற்றிய மாடியின் சன்னலில் கையசைக்கிறவர்களை நோக்கி இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏறிப் பழகியவருக்கு அந்த நாற்காலி தண்டனையன்றி வேறென்ன?

அந்நிலையத்தில் ஓடுதளம் கிடையாது. பயிற்சிக் கோபுரத்தின் அடியில் புறப்பட்டு, வண்டிக் கொட்டகையை ஒட்டி ஓடி, பின்புறச் சந்துக்குள் நுழைந்து, ஒரு தகரப் பீப்பாயைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். போக நூற்றைம்பது மீட்டர், வர நூற்றைம்பது. மொத்தம் எட்டுச் சுற்று. பீப்பாயை எங்கே நிறுத்துவது என்பதற்கு அந்நிலையத்தாருக்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. தேர்வுக்கு முதல்நாள், தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ்கள் ஐந்தைக் கோபுரத்தடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விரிப்பார்கள். ஒரு ஹோஸ் முப்பது மீட்டர் என்பது அவர்களுக்குக் கையில் விரல் ஐந்து என்பதைப் போன்ற அறிவு. ஐந்தாம் ஹோஸின் நுனி எங்கே முடிகிறதோ, அங்கே பீப்பாய். அவ்வளவுதான். யாரும் அதற்குமேல் கேட்டதில்லை.

இவ்வாண்டு தலைமையகத்திலிருந்து ஒரு கைக்கடிகாரம் வந்து சேர்ந்தது. செயற்கைக்கோளைப் பார்த்துத் தூரத்தையும் வேகத்தையும் தானே கணித்து, தானே தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். சுற்றுகளை எண்ண வேண்டியதில்லை; கடிகாரம் இரண்டு புள்ளி நான்கு என்று காட்டும்வரை ஓடினால் போதும். பீப்பாயைப் பழக்கத்தின் காரணமாகவே அவர்கள் வைத்தார்கள்.

ஏணியார் ஓடத் தொடங்கினார். கொட்டகையை ஒட்டி ஓடுகையில், கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் நாற்பது வினாடி என்று கடிகாரம் கடிந்துகொண்டது. பதறிப்போய் எட்டி மிதித்தார். சந்துக்குள், இருபுறமும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, நான்கு நிமிடம் ஐம்பது என்று பாராட்டியது. தணிந்தார். ஒரே காலோட்டம், கடிகாரத்துக்கோ நொடிக்கொரு கருத்து. எட்டாம் சுற்று முடிந்து கோபுரத்தடிக்கு வந்தபோது, நிறுத்துகடிகாரத்துடன் நின்ற நிலைய அதிகாரி பன்னிரண்டு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி என்று படித்தார். வெற்றிதான் என்று ஏணியார் கையை உயர்த்தினார்.

“நிக்காதீங்க அண்ணே! இன்னும் இருக்கு!” என்று அதிகாரி கூவினார்.

“எட்டு முடிஞ்சுபோச்சு மேடம்!”

“வாட்ச் ரெண்டு புள்ளி இருபத்தொண்ணுதான் காட்டுது. ஓடுங்க, ஓடுங்க!”

ஓடினார். இரண்டு புள்ளி நான்கு என்று கடிகாரம் மனமிரங்கி அதிர்ந்தபோது பதின்மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி ஆகியிருந்தது. பதினெட்டு வினாடி அதிகம். அன்று மாலைக்குள் ஆணை வந்துவிட்டது: ஏப்ரல் முதல் நாளிலிருந்து அவர் ஹோஸ் அறையில் பணியாற்ற வேண்டும்.

ஹோஸ் அறைக்குப் பொறுப்பாளர் வேறு யாருமல்லர். ஏணியாருடைய மனைவியின் தம்பி. கிழிந்த ஹோஸ்களைச் செப்பனிடுவது அவர் வேலை. அக்காள் கணவரைக் கேலி செய்வது உபதொழில். அன்று மாலை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வா மாமா, நம்ம ரூமுக்கு. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. நாற்காலிக்கு ஒரு கால்தான் கொஞ்சம் ஆடும்.”

“வாயை மூடுடா” என்றார் ஏணியார்.

கூடத்தில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருந்த அவர் மனைவி, கணவரின் கைப்பேசிக்கு வந்திருந்த ஓட்டத்தின் வரைபடத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் தையல்காரி, கோடு கோணலாக இருந்தால் கண் தானாகவே அங்கு போய் நிற்கும்.

“ஏங்க, இது என்ன? பக்கத்துல இருக்கிற நர்சுங்க விடுதி வழியா ஓடியிருக்கீங்க?”

“எது?”

“இந்தாங்க, பாருங்க. கோடு செவுத்துக்குள்ள போய், மாடிப்படி வழியா வெளிய வருது. எட்டு தடவை போயிருக்கீங்க.”

“எட்டு தடவையும் யாரும் டீ குடுக்கலையா மாமா?” என்றார் தம்பி.

ஏணியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் மனைவி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். “இங்க பாருங்க, பீப்பாய்க்கு முன்னாடியே கோடு திரும்புது. நீங்க முழுசா சுத்தி வந்தீங்க. இது பாதி வழியிலயே மடிச்சுத் தச்சிருக்கு.”

அவர் சொன்னது சரி. அக்கடிகாரம் ஒவ்வொரு காலடியையும் பார்ப்பதில்லை. மின்கலம் ஒரு வாரம் தாங்க வேண்டும் என்பதற்காகச் சில வினாடிகளுக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறித்துக்கொள்ளுமாறு தலைமையகம் அதனை அமைத்துப் பூட்டியிருந்தது. குறித்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடும். இடையில் மனிதன் வளைந்தாலும் திரும்பினாலும் அதற்கு அக்கறையில்லை. நேர்ச்சாலையில் இதனால் பெரிய கேடு இல்லை. பதினைந்து முறை பீப்பாயையும் கோபுரத்தையும் சுற்றித் திரும்புகிறவனுக்கோ ஒவ்வொரு திருப்பத்திலும் சில மீட்டர் களவு போகும். போதாக்குறைக்கு, உயர்ந்த சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை, சந்தில் ஓடுகிறவனை விடுதிக்குள் தள்ளிவிடுகிறது.

மறுநாள் காலையில் ஏணியார் அதிகாரியின் அறைக்குச் சென்றார். அதிகாரிக்கு முப்பத்து நான்கு வயது, நேர்மையானவர், அளவுக்குமேல் கருவிகளை நம்புகிறவர். அவரும், மின்கலத்தைச் சேமிக்க அதே அமைப்பில் வைத்திருந்த தம் சொந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அதே வழியில் ஓடிப் பார்த்திருந்தார்.

“என்னோடதும் அதேதான் காட்டுது அண்ணே. ரெண்டு வாட்ச்சும் எப்படி ஒண்ணா தப்பு பண்ணும்?”

“ரெண்டும் ஒரே ஸ்கூல்ல படிச்சா ஒரே தப்பைத்தான் பண்ணும் மேடம். ஹோஸ் போட்டு அளந்த தூரம் அது. இருபது வருஷமா அளக்கிறோம்.”

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சரி. என் கண் முன்னாடி அளந்து காட்டுங்க. சரியா இருந்தா நானே தலைமையகத்துக்கு எழுதுறேன்.”

நிலையமே திரண்டுவிட்டது. ஏணியார் தாமே ஐந்து ஹோஸ்களைத் தோளில் சுமந்து வந்து விரித்தார். முதல் ஹோஸ் கொட்டகையைத் தாண்டிற்று. மூன்றாவது சந்துக்குள் நுழைந்தது. ஐந்தாவதின் பித்தளை நுனி, வைத்து அழுத்தினாற்போல் பீப்பாயின் அடியில் போய் முட்டியது. ஓட்டுநர் கைதட்டினார். அவர் ஐம்பத்து மூன்று வயதுக்காரர். உடம்பும் சற்றுப் பருத்தது. அவருக்கு அடுத்த வாரம் தேர்வு. கடிகாரம் தோற்றால் முதலில் மகிழப்போகிறவர் அவரே.

“பாத்தீங்களா மேடம்? நூத்தம்பது! நூல் பிடிச்ச மாதிரி!” என்று முழங்கினார் ஓட்டுநர்.

அதிகாரியும் தலையசைத்தார். கூட்டத்தில் ஒருவர் மட்டும் தலையசைக்கவில்லை. ஹோஸ் அறைக்காரர் குனிந்து, ஹோஸ்களின் நுனிகளில் செப்புக்கம்பி சுற்றியிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“மாமா, கொஞ்சம் உள்ள வாயேன்.”

ஹோஸ் அறையில் ஈரக் கான்வாசின் வாடை அடித்தது. மைத்துனர் கதவைச் சாத்தினார்.

“ஒரு ஹோஸ் எங்க கிழியும்?” என்று கேட்டார்.

“பித்தளை மூட்டுக்குப் பக்கத்துல. இது என்னடா கேள்வி?”

“கிழிஞ்சா நான் என்ன பண்றேன்?”

“கிழிஞ்ச நுனியை வெட்டிட்டு, மூட்டைத் திரும்ப மாட்டிக் கம்பி சுத்துற.”

“வெட்டுன துண்டு எங்க போச்சு மாமா?”

ஏணியார் அலமாரியிலிருந்த ஒரு பழைய ஹோஸின் நுனியை இழுத்துப் பார்த்தார்.

“வண்டியில இருக்கிறதெல்லாம் புதுசு. முற்றத்து வேலைக்கு, தூரம் அளக்கிறதுக்குக் குடுக்கிறதெல்லாம் பழசு. அரை மீட்டர், முக்கா மீட்டர்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை வெட்டியிருக்கேன். என் கையாலதான் வெட்டுனேன். ஆனா அளக்கிறப்போ எனக்கும் ஒரு ஹோஸ்னா முப்பதுதான். ஒரு நாளும் தோணல மாமா.”

கூட்டம் கலைந்ததும் ஹோஸ்களை உள்ளே கொண்டுவந்து, கிடங்கிலிருந்து எடுத்த எஃகு அளவு நாடாவால் மடிப்பு மடிப்பாக இருவரும் அளந்தனர். இருபத்தெட்டு புள்ளி நான்கு. இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. ஐந்தையும் கூட்டினால் நூற்று நாற்பத்து மூன்று மீட்டர். நூற்றைம்பது அன்று. ஏழு மீட்டர் குறைவு. போகவும் ஏழு, வரவும் ஏழு. எட்டுச் சுற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். ஆண்டுதோறும் ஹோஸ்கள் தேய, ஆண்டுதோறும் பீப்பாய் கோபுரத்தை நோக்கி ஓரிரு அடி நகர்ந்து வந்திருந்தது. யாரும் காணவில்லை.

ஏணியார் ஹோஸ் சுருளின்மேல் அமர்ந்துவிட்டார். நான்கு ஆண்டுகளுக்குமுன் அவர் ஓடிய நேரம் பன்னிரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு. அடுத்த ஆண்டு ஐம்பத்திரண்டு. பிறகு நாற்பத்தொன்பது. சென்ற ஆண்டு நாற்பத்தொன்று. வயது ஏற ஏற வேகமும் ஏறுகிறது என்று அவர் நிலையம் முழுவதும் சொல்லித் திரிந்திருந்தார். இளைஞர்களை நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார். சிற்றுண்டிச் சாலையில் முன்பின் அறியாதவர்களிடமும் சொல்லியிருந்தார்.

“அப்போ நான் வேகமா ஓடலையா?” என்று மெல்லக் கேட்டார்.

மைத்துனருக்கு அன்றைக்கென்று ஒரு கேலியும் வரவில்லை. “தரை கிட்ட வந்துச்சு மாமா” என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓட்டுநர் உள்ளே வந்தார். தரையில் கிடந்த நாடாவைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“யாருக்கும் சொல்லாத” என்றார் ஏணியாரிடம். “மேடம் கண்ணாலயே பாத்துட்டாங்க. ஹோஸ் கணக்குப்படி நீ பன்னெண்டு நாப்பத்திரெண்டுல முடிச்சிருக்க. நாப்பத்தெட்டு செகண்டு மிச்சம் வெச்சுப் பாஸ். நாளைக்கு லெட்டர் போயிடும். எதுக்கு நல்லா இருக்கிறதைக் கெடுக்கிற?”

“தூரம் கம்மிப்பா.”

“வாட்ச்சும் பொய்தானே சொல்லுது? அது உன்னைக் குறைச்சா, இது உன்னைக் கூட்டுது. சரியாப்போச்சு!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கு அடுத்த வாரம்டா. நூத்திப் பன்னெண்டு மீட்டர் கூடப் போட்டீன்னா நான் கெட்டேன். மேசையில உக்கார வெச்சுருவானுங்க.”

அவர் கெட்டவர் அல்லர். அச்சமுற்றவர். ஏணியார் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குச் சென்றார்.

வீட்டில் அவர் மனைவி ஒரு சட்டையின் தோள்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கணவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை. முடித்ததும் நிறுத்தினார்.

“துணி சுருங்கிப்போச்சுன்னு ஒருத்தர் வந்தா, நான் டேப்பை வெட்டிக் குடுத்து ‘இப்ப அளந்து பாருங்க, சரியா இருக்கும்’னா சொல்லுவேன்?”

“அதில்ல. ஹோஸ் கணக்குல போனா நாப்பத்தெட்டு செகண்டு கையில இருக்கு. உண்மைக் கணக்குல என்ன இருக்குன்னே தெரியாது. தோத்துட்டா?”

“தோத்தா ஹோஸ் ரூம். என் தம்பி கூட உக்காந்திருக்கணும். அது கொஞ்சம் கஷ்டந்தான்.” பிரித்த நூலைத் தட்டிவிட்டு அவர் தொடர்ந்தார்: “வாட்ச்சு தப்புன்னு அவ்வளவு கோவமா பேசினீங்களே. நீங்களும் தப்பு டேப்பைக் காட்டி ஜெயிச்சா, அப்புறம் அதை எந்த வாயால திட்டுவீங்க?”

மறுநாள் காலையில் ஏணியார் எஃகு நாடாவை எடுத்துக்கொண்டு, மைத்துனரையும் அழைத்துக்கொண்டு அதிகாரியின்முன் போய் நின்றார்.

அதிகாரி முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார். எட்டுச் சுற்றில் ஏணியார் உண்மையில் ஓடியது இரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு மீட்டர். கடிகாரம் காட்டியது இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து. கடிகாரம் இரண்டு புள்ளி நான்கு என்று சொன்னபோது, அவர் கால்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூற்று எண்பத்தைந்து மீட்டரைக் கடந்திருந்தன.

“கணக்குப்படி, சரியா ரெண்டாயிரத்து நானூறை நீங்க பதிமூணு நிமிஷம் இருபது செகண்டுல தாண்டியிருக்கணும்” என்றார். “பத்து செகண்டு மிச்சம். ஆனா இது காகிதத்துல போட்ட கணக்கு. இதை நான் அனுப்ப முடியாது அண்ணே.”

“அனுப்ப வேணாம் மேடம். நாடா பிடிச்சுப் பீப்பாயை வைங்க. நான் திரும்ப ஓடுறேன்.”

“யோசிச்சுச் சொல்றீங்களா? பத்து செகண்டுதான்.”

“ராத்திரி பூரா யோசிச்சாச்சு. இன்னும் யோசிச்சா கால் ஓடாது.”

வெள்ளிக்கிழமை காலையில் எஃகு நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தனர். பீப்பாய் ஏழு மீட்டர் உருண்டு, சந்தின் ஆழத்தில் போய் நின்றது. ஏணியாருக்கு அந்த ஏழு மீட்டர் எழுபதாகத் தெரிந்தது. விதிமுறைப்படி கடிகாரத்தையும் கட்டிக்கொண்டார். ஆனால் சட்டைக் கையைக் கீழே இழுத்து அதனை மூடிவிட்டார்.

மூன்று சுற்று வரை மூச்சு ஒழுங்காக இருந்தது. நான்காவதில் விலாவில் குத்தல் எடுத்தது. ஐந்தாவதில், முன்பு திரும்பிய இடத்துக்கு வந்ததும் கால்கள் தாமாகவே திரும்பப் பார்த்தன, பழகிய கால்கள். திட்டி முன்னே தள்ளினார். ஆறாவதில் சந்தின் முனையில் ஓட்டுநர் நிற்பதைக் கண்டார். அவர் தலைகுனிந்து நின்றிருந்தார். ஏழாவதில் அதே ஓட்டுநர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பக்கத்தில் ஓடி வந்தார்: “கையை வீசுடா! கையை வீசு! என்னைக் கெடுத்தவன் நீ, ஒழுங்கா ஜெயிச்சுத் தொலை!” முப்பது அடிக்குமேல் அவரால் ஓட இயலவில்லை. அந்த முப்பது அடி ஏணியாருக்குப் போதுமானதாக இருந்தது.

எட்டாம் சுற்று முடிந்து கோபுரத்தடியில் விழுந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார்: “எவ்வளவு?”

“பதிமூணு இருபத்தாறு” என்றார் அதிகாரி. “நாலு செகண்டு அண்ணே. நாலு செகண்டு!”

மைத்துனர் வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். “நாற்காலியை வேற ஆளுக்குக் குடுத்துடுறேன் மாமா” என்றார். ஏணியார் அவருடைய தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா கண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை. எஃகு நாடாவால் அளந்த தரையில் ஓடி எடுத்த அந்த நேரம், சென்ற நான்கு ஆண்டுகளின் எந்த நேரத்தையும்விட மெதுவானது. ஆயினும் அதைச் சொல்ல அவர் நாணவில்லை. மாலையில் மனைவியிடமும் அதைத்தான் முதலில் சொன்னார்.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சட்டைக் கைக்குள் மூடப்பட்டிருந்த கடிகாரம் தன் கடமையைத் தவறாது செய்திருந்தது: இரண்டு புள்ளி மூன்று இரண்டு கிலோமீட்டர் என்று பதிந்து, தலைமையகத்துக்குத் தானே அனுப்பிவிட்டது. அதிகாரி அளவு நாடாவின் ஒளிப்படம், சாட்சிகளின் கையொப்பம், ஹோஸ்கள் குறுகிய வரலாறு ஆகிய அனைத்தையும் இணைத்து நான்கு பக்கக் கடிதம் எழுதினார். பத்து நாள் கழித்து ஒன்றரை வரியில் விடை வந்தது: ‘கருவியின் பதிவில் தூரம் நிறைவு பெறவில்லை. முந்தைய ஆணை நீடிக்கும்.’

நாடாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அளக்கப்பட்ட தரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தமக்குச் சாதகமான பொய் அளவைத் தாமே முன்வந்து மறுத்த ஒரு மனிதரைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் முதல் நாள் விடிந்தது. அதிகாரி வருகைப் பதிவேட்டை எடுத்து, ஏணி வண்டிக்கு நேரே ஏணியாரின் பெயரைத் தம் கையால் எழுதி, ‘என் பொறுப்பில்’ என்று குறித்துக் கையொப்பமிட்டார். அன்று பிற்பகலே மணி அடித்தது. ஒரு நான்காம் மாடிக்கு ஏணி உயர்ந்தது. வழக்கமாக முதலில் ஏறுகிறவரே முதலில் ஏறினார். ஓட்டுநர் அந்த வண்டியைத்தான் ஓட்டிச் சென்றார். அவருடைய தேர்வை அதிகாரி ஒரு மாதம் தள்ளிவைத்திருந்தார். இப்போது நாள்தோறும் காலையில் ஏணியாரும் அவரும் சேர்ந்தே ஓடுகின்றனர். அதிகாரியிடமோ, ஆணையை மீறியது ஏன் என்று தலைமையகம் விளக்கம் கேட்டிருக்கிறது. விளக்கத்தை அவர் அனுப்பிவிட்டார். அது இப்போது ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது.

அந்த மேசை உங்களுடையதாகவும் இருக்கலாம். இல்லையென்றாலும், ஒரு மனிதர் எவ்வளவு நடந்தார், எவ்வளவு ஓடினார், எவ்வளவு உழைத்தார் என்று ஒரு கருவி சொல்லும் எண் உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும். அதன்கீழ் உங்கள் கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கும். பேனாவைக் கீழே வையுங்கள். அந்தத் தூரத்தைத் தரையில் அளந்தவர் யார், எதைக் கொண்டு அளந்தார் என்று எழுத்து மூலம் கேளுங்கள். விடை வரும்வரை கையொப்பமிடாதீர்கள்.